தற்காலிகமாகத் திரவநிலையில் இல்லை

பேரவையின் வான் வண்டியில் கண்ணாடி கழுவும் தண்ணீர் உறைந்துபோனது தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். அது உறையவில்லை என்று பேரவை தீர்மானம் நிறைவேற்றியது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. இடையில் வந்த சனிக்கிழமை முழுவதும் அந்தத் தண்ணீர் என்ன நிலையில் இருந்தது என்பது பற்றிப் பேரவையிடம் அதிகாரபூர்வமான கருத்து எதுவும் இல்லை.

பேரவையின் முழுப்பெயர் மொன்றியல் முதுதமிழர் நலன்பேண் பேரவை. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு நிலக்கீழ் மண்டபத்தில் இயங்கியது. அதற்குத் தலைவர், செயலாளர், உபதலைவர்கள், காப்பாளர்கள், ஆலோசகர்கள், முன்னாள் தலைவர் என்பதையே பதவியாக வகிக்கும் ஒருவர், எல்லோரும் இருந்தார்கள். நலன் பேணுவதற்கு ஒரு வான் இருந்தது.

அந்த வானை ஓட்டியவள் அக்னெஸ். மன்னார் பேசாலைக்காரி. லொங்குய்யில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மஞ்சள் பஸ்ஸை நெடுங்காலம் ஓட்டியவள். பிள்ளைகள் பின்னாலிருந்து போடும் சத்தம் போதும் என்று தோன்றிய ஒரு வருடத்தில் அதை விட்டுவிட்டு, முதியவர்கள் அமைதியாக இருப்பார்கள் என்று நம்பி இந்த வேலைக்கு வந்தாள். அந்த நம்பிக்கை முதல் நாளே பொய்த்தது. ஆனாலும் அவர்களை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, மருந்துக்கடைக்கு என்று அவர்கள் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் அவள்தான். பிள்ளைகள் வேலைக்குப் போயிருப்பார்கள். மாநகரத்தின் உதவி வாகனத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டால் ஓர் இயந்திரம் பிரெஞ்சில் கேள்வி கேட்கும்.

அந்த வெள்ளிக்கிழமை டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் பூசை முடிந்து, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தாள். வெளியில் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. முன்னால் போன பாரவண்டி ஒன்று, உப்பும் சேறும் கலந்த பனிக்கூழை அள்ளி வானின் முகத்தில் எறிந்தது. அக்னெஸ் தண்ணீர் அடிக்கும் பிடியை இழுத்தாள். மோட்டர் உறுமியது. ஒன்றும் வரவில்லை. வைப்பர் போய் வந்து அந்தக் கூழைக் கண்ணாடி முழுவதும் ஒரே சீராகப் பூசிவிட்டது. முன்னால் நெடுஞ்சாலை இல்லை. வெள்ளையடித்த சுவர் ஒன்று இருந்தது.

முன் இருக்கையில் குணரத்தினம் ஐயா இருந்தார். ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்தவர். எந்த நிலையிலும் விபரத்தைத் தெளிவாகக் கேட்டறிந்துகொள்ளும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

"பிள்ளை, இப்ப நாங்கள் எங்கை நிக்கிறம்?"

"றோட்டிலதான் ஐயா. அப்பிடித்தான் நினைக்கிறன்."

"றோட்டில எந்தப் பக்கம்?"

அக்னெஸ் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். காற்று கன்னத்தைச் சீவியது. பின்னால் ஹோர்ன் சத்தங்கள் எழுந்தன. நல்லம்மா ஆச்சி பின் இருக்கையிலிருந்து முருகனைக் கூப்பிடத் தொடங்கினார், கோயிலில் கூப்பிட்டதைவிடப் பெரிய சத்தத்தில். கரையோரத்து வெள்ளைக் கோட்டை ஒற்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அக்னெஸ் எப்படியோ வானை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

இறங்கிப் பனியை அள்ளிக் கண்ணாடியில் தேய்த்தாள். ஒவ்வொரு லொறி கடந்து போகும்போதும் வான் ஆடியது. பொனெற்றைத் திறந்து பார்த்தால், தண்ணீர்த் தாங்கிக்குள் நீலநிறத்தில் ஒரு கட்டி. கண்ணாடியில் தேய்த்து எடுத்த இடத்தினூடாக உள்ளே இருந்தவர்கள் தெரிந்தார்கள். கைத்தடிகளையும் பிரசாதப் பைகளையும் இறுக்கிப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

தாங்கிக்குள் இருந்தது தலைவர் விமலநாதனின் அன்பளிப்பு.

போன ஆடி மாதம் தலைவருடைய மைத்துனர் தன் கடையை மூடினார். விற்கப்படாமல் கிடந்த கண்ணாடித் தண்ணீரைத் தலைவர் பெட்டி பெட்டியாகப் பேரவைக்குத் தந்தார். அது கோடைகாலத் தண்ணீர். கண்ணாடியில் மோதிச் சாகும் பூச்சிகளைக் கழுவுவதற்கென்று செய்தது. போத்தலில் பெரிதாக ஒரு நுளம்பின் படம் இருந்தது. அதன்மேல் தலைவர் தன்னுடைய படத்தையும் "சமூகச் சுடர் விமலநாதன் அன்பளிப்பு" என்ற வாசகத்தையும் ஒட்டுவித்தார். ஒட்டியவர் கொஞ்சம் சரித்து ஒட்டிவிட்டதால், எல்லாப் போத்தல்களிலும் தலைவரின் காதுக்குப் பின்னாலிருந்து நுளம்பு எட்டிப் பார்த்தது.

இந்தத் தண்ணீர் குளிரில் உறையும் என்று மார்கழியிலேயே அக்னெஸ் செயலாளர் கீர்த்திகனிடம் சொல்லியிருந்தாள். அவர் தலையாட்டினார். இப்போது அலுவலகத்துக்குப் போய், நெடுஞ்சாலையில் நடந்ததைச் சொன்னாள். கீர்த்திகன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அக்கா, உறைஞ்சுபோச்சு எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"உறைஞ்சதை வேற என்னெண்டு சொல்லுறது தம்பி?"

கீர்த்திகன் யோசித்தார். "தற்காலிகமாகத் திரவநிலையில் இல்லை எண்டு சொல்லலாம்."

"வானை ஒருநாள் சூடான கராச்சில விடுவம். கட்டி உருகினாப்பிறகு அதை ஊத்திப்போட்டு, குளிர்காலத் தண்ணி விடுவம். எல்லா டெபானர் கடை வாசலிலயும் அடுக்கி வைச்சிருக்கிறாங்கள், ஊதா நிறத்தில. பூச்சியத்துக்குக் கீழ நாப்பது போனாலும் உறையாது. வேலை முடிஞ்சுது."

"அன்பளிப்பை ஊத்திறதோ?" கீர்த்திகன் குரலைத் தாழ்த்தினார். "தலைவரின்ர முகம் போட்ட தண்ணியக்கா."

ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம் கூடியது. அவசரம் என்பதால் மங்கல விளக்கை மூன்று பேர் மட்டுமே ஏற்றினார்கள். வரவேற்புரை, ஆசியுரை, தொடக்கவுரை எல்லாம் முடிந்தபிறகு தலைவர் எழுந்தார். மேடை இல்லாவிட்டாலும் மேடைக்குரிய நடையில் வந்து நின்றார்.

"இந்தத் தண்ணீரை நான் ஆடி மாதம் தந்தேன்," என்றார். "ஆடி மாதம் முழுக்க அது உறையவில்லை. ஆவணியில் உறையவில்லை. புரட்டாதியில் ஒரு சொட்டுக்கூட உறையவில்லை. இவ்வளவு நாட்களும் ஒழுங்காக இருந்த ஒரு தண்ணீர், சாரதி அக்னெஸ் அவர்கள் பிடியை இழுத்தபோது மட்டும் உறைந்தது என்றால், நாம் விசாரிக்கவேண்டியது தண்ணீரையா, பிடியை இழுத்த கையையா? நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நான் குற்றம் சொல்பவனாக இருந்தால், தலைவராக இத்தனை வருடம் இருந்திருக்க முடியாது. யாராவது ஒருவர் வெளியே போயிருப்பார். ஒருவரும் போகவில்லை. ஏனென்றால் இங்கே யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை."

கைதட்டினார்கள்.

உபதலைவர் ஒருவர் ஆய்வுக்குழு அமைத்தார். குழு அங்கேயே ஆய்வைத் தொடங்கியது. ஒரு போத்தலைத் திறந்து கோப்பையில் ஊற்றி, ஹீற்றருக்குப் பக்கத்து மேசையில் வைத்தார்கள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். தேநீரும் வடையும் வந்தன. தேநீர் முடிந்தபோதும் கோப்பையில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"வெளியில வைச்சுப் பாருங்கோ," என்றாள் அக்னெஸ், கதவோரத்தில் நின்றபடி.

உபதலைவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "வெளியில குளிர் பிள்ளை. ஆர் நிண்டு பாக்கிறது?"

தண்ணீர் உறையவில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். வேறு தண்ணீர் விடுவது அன்பளிப்பாளரை அவமதிப்பதாகும் என்றும் தீர்மானித்தார்கள். தாங்கியின் மூடியைச் சிவப்புப் பட்டியால் சுற்றி, பேரவையின் முத்திரையை அதன்மேல் குத்தினார்கள். குத்தும்போது படமெடுத்தார்கள்.

அடுத்த வாரம் அக்னெஸை ஒரு பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பினார்கள். பட்டறையில் கலந்துகொண்டவள் அவள் ஒருத்தி மட்டும். பயிற்சி தந்தவர் அதே உபதலைவர். கார்த்திகை பிறந்ததும் தன் காரை கராச்சில் பூட்டிவிட்டு, சித்திரையில்தான் வெளியே எடுப்பவர். அதுவரை மெத்ரோ ரயிலில் போவார்.

"சாரதி கண்ணாடியை நம்பி ஓட்டக்கூடாது," என்று அவர் திரையில் படம் காட்டிச் சொன்னார். "அனுபவத்தை நம்பி ஓட்டவேணும்."

"முன்னால ஒண்டும் தெரியாட்டில்?"

"ஓம். அதுதான் அனுபவம்."

அக்னெஸ் அந்தப் பட்டறையிலிருந்து நேரே போய், பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் கைப்பம்பு ஒன்றையும், ஊதா நிறத் தண்ணீர் ஒரு கானும் தன் காசில் வாங்கினாள். அன்றிலிருந்து வானை நெடுஞ்சாலையில் ஏற்றுவதை விட்டாள். உள்வீதிகளால் சுற்றிச் சுற்றிப் போவாள். கண்ணாடி மங்கினால் ஓரம் கட்டி, இறங்கி, தெளித்துத் துடைத்துவிட்டு ஏறுவாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம் இரண்டு மடங்காகியது. குணரத்தினம் ஐயா ஒவ்வொரு நிறுத்தத்திலும் தன் பக்கத்துக் கண்ணாடியை உள்ளேயிருந்து துடைத்தார். அழுக்கு வெளியே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சும்மா இருக்க மனமில்லை.

செய்தி தலைவருக்குப் போயிற்று. தலைவர் அவளைக் கூப்பிடுவித்தார்.

"நீர் றோட்டு வழிய இறங்கி இறங்கித் தெளிக்கிறீராம். சனம் பாக்குது. பேரவையில தண்ணி இல்லையோ எண்டு கேக்குது."

"சனத்துக்கு விளங்குது ஐயா. பேரவைக்குத்தான் விளங்கேல்லை."

யாரும் தலைவரிடம் அப்படிச் சொன்னதில்லை; என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது. பிறகு சொன்னார்: "மாசியில ஆண்டு விழா. ரொறன்ரோவில இருந்து பிரதம விருந்தினர் வாறார். எனக்குச் சேவைச் சிகரம் எண்ட பட்டம் தரப்போறார். விமான நிலையத்தில இருந்து அவரை இந்த வானிலதான் கூட்டிவாறது. நானே முன் சீற்றில இருப்பன். கைப்பம்பு வானுக்குள்ள இருக்கக்கூடாது. தண்ணி வேலை செய்யுதெண்டதை ஊர் பாக்கட்டும்."

"ஓம் ஐயா. பாக்கட்டும்," என்றாள் அக்னெஸ்.

விழாவன்று கடும் காற்று. தலைவர் பட்டு வேட்டியும் சால்வையுமாக வந்தார். படத்தில் மறைக்கும் என்பதால் குளிர் அங்கியை அலுவலகத்திலேயே விட்டுவிட்டார். உபதலைவரும் கீர்த்திகனும் கூட வந்தார்கள். விருந்தினருக்கு மாலை போட, முதியவர்களின் சார்பில் குணரத்தினம் ஐயாவையும் நல்லம்மா ஆச்சியையும் ஏற்றினார்கள். விமான நிலையத்தில் மாலை விழுந்தது. படங்கள் எடுக்கப்பட்டன. விருந்தினர் மெலிந்த, மரியாதையான மனிதர். எல்லோருக்கும் கும்பிட்டுவிட்டு வானில் ஏறினார்.

விமான நிலைய வீதியை விட்டு வெளியேறுமுன்பே கண்ணாடி பால்போல வெளுத்துவிட்டது. அக்னெஸ் மெதுவாக ஊர்ந்து, நெடுஞ்சாலைக்கு ஏறுமுன் இருந்த பெற்றோல் செட்டுக்குள் வானைத் திருப்பி நிறுத்தினாள். உள்ளே இருந்தவர்கள் குளிரக்கூடாது என்பதற்காக இயந்திரத்தை அணைக்கவில்லை.

"ஏன் நிப்பாட்டினீர்?" என்றார் தலைவர்.

"தண்ணி அடிக்கவேணும் ஐயா. நீங்களே இழுங்கோ. உங்கட தண்ணிதானே."

தலைவர் கையை நீட்டிப் பிடியை இழுத்தார். மோட்டர் உறுமியது. எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

"வருது," என்றார் தலைவர்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை," என்றார் விருந்தினர் பின்னாலிருந்து.

"நீங்கள் ரொறன்ரோ. இஞ்சத்தைக் குளிருக்குக் கண் பழகக் கொஞ்சம் நேரமெடுக்கும்."

அக்னெஸ் இறங்கினாள். வானைச் சுற்றி வந்து தலைவரின் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"உறையேல்லை எண்டு கை உயத்தினவையில ஒருத்தர் வந்து ஓட்டுங்கோ. நான் பின்னால இருக்கிறன். ஆச்சியையும் ஐயாவையும் முதல்ல இறக்கி அந்தக் கடைக்குள்ள விட்டிட்டு வாறன்."

தலைவர் வேட்டியைச் சரிசெய்தார். மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். உபதலைவர் தான் மாரியில் ஓட்டுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார். கடைசியில் எல்லோரும் கீர்த்திகனைப் பார்த்தார்கள். அவர் இளையவர், நல்ல கண், தினமும் கார் ஓட்டுபவர்.

கீர்த்திகன் தன் கைகளைப் பார்த்தார். "எனக்குச் சின்னப் பிள்ளை இருக்கக்கா," என்றார்.

தான் என்ன சொன்னோம் என்பது கீர்த்திகனுக்குச் சொன்னபிறகுதான் விளங்கியது. முகம் சிவந்தது.

"இவைக்கும் பிள்ளையள் இருக்கினம் தம்பி," என்றாள் அக்னெஸ். "எனக்கும் இருக்கினம். அண்டைக்கு நாப்பதாம் றோட்டில நாங்கள் எல்லாரும் பிள்ளையள் உள்ள ஆக்களாத்தான் இருந்தனாங்கள்."

நல்லம்மா ஆச்சி பின்னாலிருந்து, "அப்பிடிக் கேள் பிள்ளை," என்றார்.

"இப்ப உமக்கு என்ன வேணும்?" என்றார் தலைவர்.

"உறைஞ்சுபோச்சு எண்டு சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம். சொன்னா, உந்தக் கார் கழுவுற சூட்டுக் கொட்டிலுக்குள்ள வானை விட்டு, கட்டியை உருக்கி, நல்ல தண்ணி விட்டு, உங்களைக் கொண்டுபோய் விழாவில இறக்கிறன்."

"அது தீர்மானம். தீர்மானத்தை நான் தனிய மாத்தேலாது. கூட்டம் கூட்டவேணும்."

"கூட்டுங்கோ."

"எங்கை?"

"வானுக்குள்ள உறுப்பினர் அல்லாத ஆக்கள் இருக்கினம் ஐயா," என்றாள் அக்னெஸ், மிகுந்த பணிவோடு. "வெளியிலதான் கூட்டவேணும்."

பேரவையின் வரலாற்றில் மண்டபத்துக்கு வெளியே நடந்த முதலாவது கூட்டம் அது. பெற்றோல் பம்புகளுக்கும் காற்று அடிக்கும் இயந்திரத்துக்கும் இடையில் மூவரும் நின்றார்கள். அக்னெஸ் வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உபதலைவர் வழக்கம்போல வரவேற்புரையைத் தொடங்கி, முதல் வசனத்தின் நடுவில் நிறுத்திக்கொண்டார். "உறைந்தது" என்ற சொல்லுக்குப் பதிலாக "உறைநிலைக்கு உட்படுத்தப்பட்டது" என்று போடலாமா என்று கீர்த்திகன் கேட்டார். தலைவரின் பட்டு வேட்டி பாய்மரம்போல ஊதியது. பற்கள் அடித்துக்கொண்டன. அவர் வாயிலிருந்து ஒரு திருத்தப் பிரேரணை புறப்பட்டு, உதட்டிலேயே விறைத்துப்போயிற்று. பெற்றோல் அடித்துக்கொண்டு நின்ற ஒருவர் அவர்களைப் பார்த்து, "போன்ஜூர்," என்று வணக்கம் சொன்னார்.

தலைவர் வானை நோக்கி ஓடிவந்து அக்னெஸின் பக்கத்துக் கண்ணாடியில் தட்டினார். அக்னெஸ் ஒரு விரற்கடை மட்டும் இறக்கினாள்.

"உறைஞ்சுபோச்சு," என்றார் தலைவர்.

அவர் ஆற்றிய உரைகளில் ஆகச் சிறியது அதுதான். அதில் ஒரு பொய்யும் இருக்கவில்லை.

அக்னெஸ் சிவப்புப் பட்டியை முத்திரையோடு சேர்த்து உரித்தாள். கொட்டிலின் சூட்டில் கட்டி உருகி வடியக் கொஞ்ச நேரம் பிடித்தது. விருந்தினர் கடைக்குள் நல்லம்மா ஆச்சியோடு உட்கார்ந்து கோப்பி குடித்தார். ஆச்சி அவருக்கு நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் நடந்ததை, முருகனைக் கூப்பிட்ட இடத்தில் குரலையும் உயர்த்தி, முழுதாகச் சொன்னார். விருந்தினர் கோப்பி ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

விழா பிந்தித் தொடங்கியது. முன் வரிசைகளில் முதியவர்கள் பின்னேரம் முழுவதும் காத்திருந்தார்கள். வந்த விருந்தினர் பட்டத்தை வாசித்துக் கொடுத்துவிட்டு, இருமல் என்று சொல்லித் தன் உரையைச் சுருக்கிக்கொண்டார். பிறகு தலைவர் எழுந்தார். சூடு ஏறியிருந்தது. குரல் திரும்பி வந்திருந்தது.

"இன்று நான் களத்தில் இறங்கினேன்," என்றார். "கொட்டும் குளிரில், குளிர் அங்கிகூட இல்லாமல், ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்று நேரடியாக ஆய்வு செய்தேன். நண்பர்களே, தண்ணீர் உறையும். இதைச் சொல்லும் துணிவு இதுவரை யாருக்கும் வரவில்லை. எத்தனை மாதங்களாக நமது முதியவர்கள் ஆபத்தில் பயணம் செய்தார்கள் தெரியுமா? நான் நினைத்திருந்தால் இதை மறைத்திருக்கலாம். மறைத்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் என் மனச்சாட்சி உறையவில்லை."

மண்டபம் கைதட்டியது. கீர்த்திகன் மேடையோரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். தலைவர் தன் பிள்ளைப்பருவத்திலிருந்து தொடங்கினார்.

அக்னெஸ் பின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். குளிர் அங்கி, கையுறை, தொப்பி எல்லாம் போட்டிருந்தாள். நடுவழியால் நடந்து முன்வரிசைக்குப் போனாள்.

"ஐயா, ஆச்சி, வாருங்கோ. நேரமாச்சு."

குணரத்தினம் ஐயா கைத்தடியை ஊன்றி எழுந்தார். நல்லம்மா ஆச்சி சால்வையை உதறிப் போர்த்துக்கொண்டு எழுந்தார். பக்கத்து வரிசை எழுந்தது. கதிரைகள் சிமெந்தில் உரசின. யாருடைய நலனைப் பேணப் பேரவை அமைந்ததோ அவர்கள் எல்லோரும், ஒருவர் கையை ஒருவர் பிடித்து, அவசரமில்லாமல் நடுவழியால் வெளியேறினார்கள். தலைவர் ஒலிவாங்கியை இன்னும் கொஞ்சம் வாய்க்குக் கிட்டப் பிடித்தார். முன்வரிசை முழுவதும் வெறும் கதிரைகள் இருந்தன. விருந்தினர் மட்டும் மேடையில் அகப்பட்டுக்கொண்டார்.

கீர்த்திகன் கோட்டுப் போடாமல் வாசலுக்கு ஓடிவந்தார்.

"அக்கா, தலைவர் இன்னும் பேசி முடிக்கேல்லை. ஆக்களைக் கூட்டிக்கொண்டு போகேலாது."

"அவர் பேசட்டும் தம்பி. இவைக்கு இரவு மருந்து எடுக்கவேணும்."

அவள் ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற்றிக்கொண்டிருந்தாள். கீர்த்திகன் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ. முத்திரையைப் பிச்சதுக்கும், விழாவைக் குழப்பினதுக்கும் உங்களை விசாரிக்கப் போகினம். திங்கட்கிழமை காலமை வரச் சொல்லுவினம்."

"திங்கட்கிழமை காலமை குணரத்தினம் ஐயாவுக்கு ஆஸ்பத்திரியில கண் காட்டவேணும். நான் வானிலதான் இருப்பன்." அக்னெஸ் தன் இருக்கையில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு கண்ணாடியை முழுவதுமாக இறக்கினாள்.

"விசாரிக்கிறவை வந்து ஏறட்டும் தம்பி. இடமிருக்கு. பெல்ட் மட்டும் போடவேணும்."